துணிக்கு வந்த நோய்

ஜனவரி 29, திங்கள்

அரண்மனை மியூசியத்தின் காப்பாட்சியர் கோலப்பன் வந்திருந்தார். சேந்தன்கோட்டை ஜமீன்தார் நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் போய்த் திரும்பும் வழியில் கெய்ரோவில் வாங்கி வந்த மம்மி அவருடைய பொறுப்பில் இருக்கிறது. அதை எங்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். சுற்றியிருக்கும் துணியைப் பிரித்தால் உடம்பு பொடிந்துவிடும். பிரிக்காமல் உள்ளே பார்க்க வேறு வழியில்லை.

முதலில் எங்கள் ரேடியாலஜி துறைத்தலைவரிடம்தான் போயிருக்கிறார். "எங்க ஆவுடையப்பன் சும்மாதான் இருக்காரு, அவரப் பாருங்கன்னு சொன்னாரு சார்" என்றார் கோலப்பன். கள்ளமில்லாத மனிதர். அப்படியே சொல்லிவிட்டார்.

சத்தியசீலன் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். டிரஸ்டி வீட்டு மாப்பிள்ளை. அதனால் துறைத்தலைவர். நான் சும்மா இருக்கிறேன்.

சரி என்று சொல்லியனுப்பினேன். ஞாயிறு காலை ஏழு மணி.

ஜனவரி 30, செவ்வாய்

உட்கார முடியவில்லை. வராந்தாவில் நாலு தடவை நடந்தேன். கேன்டீனில் ஆறு டீ.

கோயம்புத்தூரில் 24ஆம் தேதி எங்கள் துறையின் மாநில மாநாடு. மம்மி ஸ்கேன் என்று சொன்னதும் கடைசி நேரத்திலும் பத்து நிமிஷம் ஒதுக்கித் தந்தார்கள். மேடையேறிப் பேசி எத்தனை வருஷமாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேசியதே இல்லை.

ஒரு தடவை பேசியிருக்கலாம். 1997இல் ஒரு குழந்தையின் நெஞ்சுப் படத்தில் யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். பேராசிரியர் ராமபத்ரன் அதைச் சென்னையில் தன் கண்டுபிடிப்பாகப் பேசினார். அந்த அரங்கில்தான் நானும் இருந்தேன். ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்து நாலு வயது. இது போனால் இன்னொன்று வரப்போவதில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

மனைவி உமையாள் பெங்களூரில் மகள் வீட்டிலிருந்து பேசினாள். மகளின் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம். மாவு தீர்ந்ததா, மோட்டார் போடுகிறேனா என்று கேட்டாள். மோட்டார் போட்டுவிட்டு மறந்து, தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

ஆறரைக்கே போய்விட்டேன். மியூசிய வேனில் மெத்தை போட்டு, நாலு பேர் பிடித்து, கோலப்பன் பின்னாலேயே "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார். முதல் தடை பதிவு கவுன்டரில். நோயாளி எண் இல்லாமல் ஸ்கேன் மெஷினில் கேஸ் திறக்காது. எண் வேண்டுமானால் பெயர் வேண்டும்.

"பேரு தெரியாதும்மா" என்றார் கோலப்பன்.

"அப்ப அன்நோன்னு போடட்டா? அப்படிப் போட்டா தானா போலீஸ் அவுட்போஸ்டுக்குத் தகவல் போயிரும் சார்" என்றாள் கவுன்டர் பெண்.

ராணி என்று போடச் சொன்னேன். வயதுக் கட்டத்தில் மூன்று இலக்கம்தான் ஏறும். 999 போட்டாள். "கூட வந்தவங்க?" கோலப்பன் கையைத் தூக்கினார். "என்ன உறவு சார்?" அவர் கொஞ்சம் யோசித்து, "பொறுப்பாளர்" என்றார்.

ஸ்கேன் அறையில் ஜெபக்கனி. இருபது வருஷமாக இங்கே டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு வந்திருந்தாள், நான்தான் வரச் சொன்னேன். தண்ணீர் நிரப்பிய உருளையை மேஜையில் வைத்து மெஷினின் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அடர்த்திக்கு ஏற்ப மெஷின் ஒரு எண் தரும், தண்ணீருக்குப் பூஜ்யம் வர வேண்டும். தினமும் காலையில் செய்கிற வேலை. கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்குமா? பிணத்துக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"உயிரா பிணமான்னு மெஷினுக்குத் தெரியுமா சார்? நம்பர் தப்பாச்சுன்னா எல்லாந் தப்பால்லா போவும்."

பக்கத்திலேயே நின்றேன். முடிந்ததும் ராணியை மேஜையில் ஏற்றினோம். காய்ந்த முருங்கைக்கட்டை மாதிரி, கனமே இல்லை.

எட்டு இருபதுக்கு முதுகெலும்பு திரையில் வந்தது. நாற்பதை ஒட்டிய பெண். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் சாதாரணமாகச் சாம்பல் நிறத்தில் தெரியும். ராணிக்கு ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பதினேழு தட்டுகள். மறுபடி எண்ணினேன். இப்படி வரிசையாகத் தட்டுகள் சுண்ணாம்பாவது ஒரு பரம்பரை நோயில். அல்காப்டோனூரியா. சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும், ஐம்பது வயதுக்குள் முதுகு கட்டையாகிவிடும். பத்து லட்சத்தில் நாலு பேருக்கு வரும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவளிடம் அதை நான் பார்க்கிறேன்.

ஜெபக்கனி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், டிஸ்க்ல மட்டும் இல்ல. துணி மடிப்புலயும் அதே வெள்ளை கெடக்கு பாருங்க. நெஞ்சுக்குள்ள பின்பக்கமா தேங்கிக் கெடக்கதும் அதேதான். நம்பரும் ஒண்ணுபோல இருக்கு."

"அது அழுக்கும்மா."

"அழுக்கு இவ்ளோ வெள்ளையா வராதுல்லா. உப்பு மாதிரில்லா இருக்கு. உடம்பக் கெடாம வைக்க உப்பு போட்டுத்தான காய வைப்பாங்கன்னு கோலப்பன் சார் சொல்லிட்டு இருந்தாரு."

"துணியப் பத்தி யாரும் கேக்கல. நீ நெஞ்சு சீரிஸ முடி."

முகத்தைத் திருப்பிக்கொண்டு முடித்தாள். குறிப்புத் தாளில் ஏதோ எழுதினாள்.

நோயாளி போர்த்திவரும் போர்வையை எந்த ரேடியாலஜிஸ்டும் படிப்பதில்லை. உடம்புக்கு வெளியே இருப்பதை வெட்டிவிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். முப்பது வருஷப் பழக்கம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

படங்களைச் சரிசெய்து முடித்தேன். துணியை முழுக்க நீக்கிவிட்டேன். எலும்பும் தட்டுகளும் மட்டும். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

ஜெபக்கனியின் குறிப்புத் தாளை ஃபைலில் இருந்து எடுத்து என் டிராயரில் வைத்தேன். ஃபைல் பலர் கைக்குப் போகிறது, தொலைந்துவிடும்.

பிப்ரவரி 10, சனி

மியூசியத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. எட்டுப் பேர் வந்தார்கள், ஒரு உள்ளூர் சேனலும் வந்தது. உமையாள் தேய்த்து வைத்துவிட்டுப்போன நீலச் சட்டையைப் போட்டு, கழற்றி, வெள்ளைச் சட்டை போட்டு, மறுபடி நீலத்தைப் போட்டேன்.

நன்றாகப் பேசினேன். "கருஞ்சிறுநீர் ராணி" என்று ஒரு நிருபர் தலைப்பே சொல்லிவிட்டார். ஜெபக்கனி லேப்டாப்பில் படங்களை மாற்றினாள். ஒரு தடவைகூடத் தப்பு இல்லை.

கோலப்பனுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "ராணின்னு போட்டுட்டாங்கன்னா சார், நாளைக்கு ஜனங்க வந்து எந்த ராணின்னு கேப்பாங்களே" என்றார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மூன்று பேப்பரில் வந்திருக்கிறது. ஒன்றில் படத்தோடு. உமையாள் போன் செய்தாள். சம்பந்தி வீட்டில் எல்லோரும் பார்த்தார்களாம்.

"பின்னால நிக்கிற அம்மா யாருங்க?"

"டெக்னீஷியன்."

"எல்லாரும் கேமராவப் பாக்காங்க, அவங்க மட்டும் உங்களையே பாத்துட்டு நிக்காங்க."

போட்டோக்காரன் சரியில்லை என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

மாநாட்டுக் குழுவிலிருந்து மின்னஞ்சல். நான் அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தைப் படித்த மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறாராம். எகிப்தில் பாடம் செய்த உடல்களில் தட்டுகள் வெளுத்திருப்பது பல இடங்களில் பார்க்கப்பட்டதுதான். பழைய நாளில் சில மருத்துவர்கள் அதை இதே நோய் என்று எழுதி, பிறகு அது பதப்படுத்தும் பொருள் என்று ஆயிற்று. ஆகவே துணியோடு சேர்த்து முழுப் படங்களை அனுப்பவும்.

பேர் போடாத கடிதம். பேர் போடாதவனுக்கு எழுதத் தைரியம் எங்கிருந்துதான் வருகிறதோ.

காலையில் இரண்டு தடவை ஷேவ் செய்திருக்கிறேன். கன்னம் எரிகிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

சத்தியசீலனுக்கும் அதன் நகல் போயிருக்கிறது. கூப்பிட்டனுப்பினான்.

"வாரும்வே ஆவுடை. உக்காரும். என்னவே இது, ராணிக்கு நோயும் இல்ல ஒண்ணும் இல்லங்கான்? கல்லூரி பேரப் பேப்பர்ல போட்டாச்சு. டிரஸ்டி கேக்காரு."

இரண்டு ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்கு முன்னால் சீனியரான என்னை "வே" என்கிறான்.

துணியில் தெரியும் வெள்ளை மெஷின் கோளாறாக இருக்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்தது, காலைச் சரிபார்ப்பு ஒருவேளை விட்டுப்போயிருக்கலாம் என்றேன்.

"அது யாரு டூட்டி?"

"ஜெபக்கனி."

எழுதிக்கொண்டான். முழுப் படங்களை அந்த விளக்கத்தோடு மாநாட்டுக் குழுவுக்கு அனுப்பினேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஒருவேளை என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 19, திங்கள்

ஜெபக்கனிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். சரிபார்ப்பு செய்யாமல் ஸ்கேன் எடுத்தது ஏன் என்று பத்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அடுத்த மாதம் தலைமை டெக்னீஷியன் நியமனம், அவள் பெயர்தான் முதலில் இருந்தது. மெமோ நிலுவையில் இருந்தால் பரிசீலிக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஆதாரம் காட்ட வழியில்லை. சரிபார்ப்பு ரிஜிஸ்டரில் வேலை நாட்களுக்குத்தான் பக்கம். ஞாயிற்றுக்குப் பக்கம் இல்லை. உடன் இருந்தது நான் ஒருவன்தான்.

மதியம் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் செய்யலைன்னு சொன்னியளா சார்?"

"ஒருவேளைன்னு சொன்னேன்."

"ஒருவேளையா?" என்றாள். "சரி. நான் சொல்ல வேண்டாம், நீங்களே பாருங்க. படத்துல ராணியச் சுத்திக் காத்து இருக்குல்லா. அந்தக் காத்தோட நம்பரப் பாருங்க. துணிக்கும் நோய் வந்திருக்கான்னு அப்புறமாப் பேசுவோம்."

போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. எழுந்து நான்தான் சாத்தினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காஸ் புக் செய்தேன். பல்லுக்குப் பின்னால் ஏதோ குத்துகிறது, டென்டலில் காட்ட வேண்டும். கோலப்பன் போன் செய்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களாம், கண்ணாடிப் பெட்டிக்கு எழுதி ஒட்ட நாலு வரி கேட்டார். பிறகு தருகிறேன் என்றேன்.

படத்தைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

திறந்தேன்.

காற்றுக்கு எப்போதும் ஒரே எண்தான், மைனஸ் ஆயிரம். மெஷின் தப்பாக இருந்தால் முதலில் கெடுவது அதுதான். பன்னிரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

துணி மடிப்பு, நெஞ்சுக்குள் தேங்கியது, பதினேழு தட்டுகள். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே எண்.

வராந்தாவில் நடந்தேன். ரேடியாலஜி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "டாக்டரய்யா, யாரத் தேடுதீய?" என்று கேட்டார்.

பிப்ரவரி 22, வியாழன்

இன்னும் இரண்டு நாள். இரண்டு பேச்சு தயார் செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் நோய் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. மாநாட்டுக் குழு என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் பேச்சைப் பேசினால் ஒருவரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மதிப்பீட்டாளர் கேட்டால் மெஷின் கோளாறு என்று ஒரு வரி போதும்.

ஜெபக்கனி எதிரே வந்தால் "குட் மார்னிங் சார்" என்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 24, சனி. கோயம்புத்தூர்

லாட்ஜ் அறையில் எழுதுகிறேன். மணி மாலை ஐந்து.

பதினொன்றேகாலுக்கு என்னை அழைத்தார்கள். இருநூறு பேர் இருக்கும். துணியில்லாத படத்தைக் காட்டினேன். ஒரு சலசலப்பு எழுந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இருபத்தேழு வருஷம் காத்திருந்தேன். ஏழெட்டு நொடி அப்படியே விட்டேன், விடாமல் என்ன செய்வது.

பிறகு துணியோடு இருக்கும் படத்தைப் போட்டேன். தட்டில் இருக்கும் வெள்ளை துணியிலும் இருக்கிறது, இது நோயல்ல, பாடம் செய்யப் போட்ட உப்பு, நான் தவறாகப் படித்தேன் என்று சொன்னேன். "இதை முதலில் பார்த்தவர் எங்கள் டெக்னீஷியன் ஜெபக்கனி. ஸ்கேன் எடுக்கும்போதே சொன்னார்" என்றும் சொன்னேன்.

பிறகு கைதட்டினார்கள். நின்று தட்டினார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பது மாநாடு பாத்துட்டேன் டாக்டர், தப்புன்னு ஒருத்தன் மேடையில சொல்லிக் கேட்டதில்ல" என்றார். மதியச் சாப்பாட்டில் நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேசரி நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கினேன்.

உமையாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பேத்தி பிறந்து மூன்று மணி நேரம் ஆகிறது என்றாள். என் போன் அரங்கில் அணைந்திருந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

ஜெபக்கனி கேட்டு மகிழ்வாள் என்று நினைத்தேன். காலையில் முதல் வேலையாக ஸ்கேன் அறைக்குப் போனேன்.

"கேள்விப்பட்டேன் சார். கோயம்புத்தூர்ல எம் பேரச் சொன்னியளாமே."

"ஆமா. எல்லாரும் கைதட்டினாங்க."

"யாருக்கு?"

அவள் ஒரு நோயாளியின் செருப்பை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அங்க என்னய யாருக்கு சார் தெரியும்? மெமோ இங்கல்லா கெடக்கு. மூணு நாளு பாக்கி. நான் செக் பண்ணலைன்னு சத்தியசீலன் சார்கிட்ட சொன்னது நீங்க. செக் பண்ணினாள்னும் நீங்கதான் சொல்லணும். எழுத்துல."

சத்தியசீலனிடம். எழுத்தில். நான் தவறான காரணம் சொன்னேன், அது தெரிந்தே சொன்னேன் என்று அவனுக்கு எழுத வேண்டும். அவன் அதை டிரஸ்டிக்கு வாசித்துக் காட்டுவான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு "என்னவே ஆவுடை" என்பான். இந்த ஜென்மம் முழுக்க அவன் கையில் அந்தக் காகிதம் இருக்கும்.

இருநூறு பேருக்கு முன்னால் சொல்ல முடிந்தது. இந்த ஒருவனுக்கு முன்னால் முடியவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

எழுதினேன். நாலு தடவை கிழித்து, ஐந்தாவதை டைப் செய்யக் கொடுத்தேன். துணியைப் பற்றி ஜெபக்கனி எழுதியிருந்த குறிப்புத் தாளையும் டிராயரிலிருந்து எடுத்து இணைத்தேன். அனுப்பும் முன் ஜெபக்கனியிடம் காட்டினேன். ஸ்கேன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று காத்திருந்தது. நின்றபடியே படித்தாள்.

"'சரிபார்ப்பு முறைப்படி செய்யப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.' இது என்ன சார்?"

"உனக்குச் சாதகமாத்தானம்மா இருக்கு."

"நம்புதீயளா? பக்கத்துலயே நின்னியளே சார். பிணத்துக்கு எதுக்கும்மான்னு கேட்டியளே."

"அதெல்லாம் எழுதணுமா?"

"உங்க இஷ்டம்." காகிதத்தை மடக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "நம்புறதுக்கு எனக்குச் சபை இருக்கு சார். நீங்க பாத்தத எழுதுங்க." ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளச் சொன்னாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். டைப் செய்பவர் சாப்பிடப் போய்விட்டார். அவர் வரும்வரை இருந்தால் எழுத மாட்டேன் என்று தோன்றியது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையால் எழுதினேன்:

"பிப்ரவரி 4 அன்று ஸ்கேன் தொடங்கும் முன் திருமதி ஜெபக்கனி இயந்திரத்தைச் சரிபார்த்தார். நான் அருகில் நின்று பார்த்தேன். துணியைப் பற்றி அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. பார்த்ததையும் கேட்டதையும் மறைத்து, 16ஆம் தேதி உங்களிடம் வேறு விதமாகச் சொன்னேன்."

கீழே கையெழுத்துப் போட்டேன்.

சத்தியசீலன் அறை வாசலில் இருபது நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். பியூன், "குடுங்க சார், நான் மேஜையில வச்சிருதேன்" என்றான். வேண்டாம் என்றேன்.

உள்ளே போனதும் சத்தியசீலன் படித்தான். ஒரு தடவை படித்து, மேலிருந்து மறுபடி படித்தான். சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "மெமோவ ரத்து பண்ணிருதேன்" என்றான். பிறகு காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இத எதுக்குவே கையால எழுதுனீரு?" என்று கேட்டான். "டைப் அடிக்கிறவர் வர்ற வரைக்கும் காத்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்" என்றேன்.